பொலியேவின் பேச்சை விட உங்கள் பேர்மிற்றின் திகதியைப் பாருங்கள்

தம்பி, உங்கள் கேள்வி இது: ரொறன்ரோவில் ஒரு உணவகத்தில் சமையல் வேலை, வந்து ஏழு மாதம். முதலாளி 2024 கோடையில் விண்ணப்பித்து உங்களை எடுப்பித்தார். இப்போது கனடாவின் எதிர்க்கட்சித் தலைவர் பொலியேவ் வெளிநாட்டுத் தொழிலாளர் திட்டத்தையே மூடச் சொல்கிறார், எல்லையையும் இறுக்கச் சொல்கிறார். எங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்களா, நித்திரை வருகுதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் அவர் சொன்னது என்னவென்று பார்ப்போம். 2025 செப்டம்பர் தொடக்கத்தில் பியேர் பொலியேவ், தற்காலிக வெளிநாட்டுத் தொழிலாளர் திட்டத்தை நிரந்தரமாக நிறுத்தவேண்டும், புதிய பேர்மிற் (வேலை அனுமதிப் பத்திரம்) கொடுக்கக்கூடாது என்றார். விவசாய வேலைக்கு மட்டும் தனித் திட்டம் வைக்கலாம் என்றார். இளம் பிள்ளைகளுக்கு வேலை இல்லை என்பதுதான் அவர் காட்டிய காரணம். கையில் இருக்கிற பேர்மிற்றைப் பறிப்பது பற்றி அந்த அறிவிப்பில் இல்லை. எல்லை பற்றி அவர் கேட்டது வேறு விடயம். அந்த வருடம் பெப்ரவரியில், 2,000 எல்லை அதிகாரிகளைக் கூட்டவேண்டும், படையினரையும் அனுப்பவேண்டும் என்றார். விசாவோடு விமானத்தில் வந்து இறங்கிய உங்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிப் பயப்பட வேண்டாம்.

அரசியல்வாதியின் பேச்சுத்தானே என்று தள்ளிவிடவும் நான் சொல்லமாட்டேன். 2010 ஓகஸ்டில் சன் சீ கப்பல் அடைக்கலம் தேடிய 492 தமிழர்களோடு பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்தபோது நான் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை செய்தேன். சாப்பாட்டு அறைத் தொலைக்காட்சியில் கப்பலைக் காட்டினார்கள். எனக்கு எதிரே இருந்தவர் திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டு எழுந்து போனேன். அன்றைக்கு ஆட்சியில் இருந்தது பொலியேவின் கொன்சவேட்டிவ் கட்சி. 2012-இல் அவர்கள் கொண்டுவந்த சட்டம், கூட்டமாக வந்து இறங்குபவர்களைத் தடுத்து வைக்கவும், அவர்கள் ஐந்து வருடத்துக்கு நிரந்தர வதிவிடம் கேட்காமல் தடுக்கவும் வழி செய்தது. ஆட்சி கையில் இருந்தால் பேச்சுச் சட்டமாக இரண்டு வருடம் போதும். பொலியேவின் கையில் இப்போது ஆட்சி இல்லை.

உங்களுக்கு உண்மையில் சிக்கல் தரப்போவது, ஆளும் லிபரல் கட்சியே 2024-இல் போட்ட விதி. 2024 செப்டம்பர் 26-இலிருந்து, வேலையின்மை 6 வீதம் அல்லது அதற்கு மேல் இருக்கிற பெருநகரங்களில் குறைந்த சம்பள வேலைக்கு எல்எம்ஐஏ விண்ணப்பத்தையே எடுப்பதில்லை. உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று காட்டி முதலாளி எடுக்கிற அந்தக் கடிதம் இல்லாமல் உங்கள் பேர்மிற்றை நீட்டமுடியாது. கட்டுமானம், மருத்துவம், உணவு பதப்படுத்தல் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு, உணவகத்துக்கு இல்லை. 2025 ஜூன் கடைசியிலிருந்து ஒன்ராறியோவில் மணித்தியாலத்துக்கு 36 டொலருக்குக் குறைந்தால் அது குறைந்த சம்பளம். ரொறன்ரோவின் வேலையின்மையோ 6 வீதத்துக்கு மேல்தான் நிற்கிறது. உங்கள் முதலாளி விண்ணப்பித்த நேரம் கதவு திறந்திருந்தது. "நான் எல்லாம் பார்த்துக்கொள்கிறேன்" என்று அவர் இப்போது சொன்னால், எந்த விதியின் கீழ் என்று கேளுங்கள்.

அப்புறம், காசு. இதைக் கொஞ்சம் விரித்தே சொல்லவேண்டும். எங்கள் நிலக்கீழ் அறையில் வாடகைக்கு ஒரு பெடியன் இருந்தான். இரண்டு கிழமைக்கு ஒருமுறை சம்பளக் காசோலையை வங்கியில் போடுவான், அடுத்த நாளே அதில் ஒரு பங்கைக் காசாக எடுத்துக்கொண்டுபோய் முதலாளியிடம் கொடுப்பான். எல்எம்ஐஏக்குச் செலவழித்த காசாம். அந்த விண்ணப்பக் கட்டணம் 1,000 டொலர். முதலாளிதான் கட்டவேண்டும், தொழிலாளியிடம் வாங்கக்கூடாது. ஒன்ராறியோவில் ஆள் எடுக்கிற முகவர் உங்களிடம் கட்டணம் வாங்குவதும், கடவுச்சீட்டைப் பிடித்து வைப்பதும் சட்டவிரோதம். அவன் கொடுத்த ஒவ்வொரு தொகையையும் திகதி போட்டு ஒரு கொப்பியில் பென்சிலால் எழுதி வைத்திருந்தான். அந்தக் கொப்பியும், "காசு எங்கே" என்று முதலாளி அனுப்பிய குறுஞ்செய்திகளும்தான் அவனைக் காப்பாற்றின. 2019-இலிருந்து, முதலாளியின் துன்புறுத்தலுக்கு ஆளானவர்களுக்குத் திறந்த பேர்மிற் கொடுக்கிறார்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. அதை எடுத்துக்கொண்டு அவன் வேறு இடத்தில் வேலைக்குச் சேர்ந்தான்.

ஒரே முதலாளியின் பெயரைப் போட்ட பேர்மிற் இருக்கும்வரை இந்த அநியாயம் நடக்கும். ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் ஒருவரே இந்தத் திட்டத்தை நவீன அடிமைத்தனம் விளைகிற நிலம் என்றார். திட்டம் கெட்டது என்று பொலியேவ் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. அதை மூடிவிட்டு, உழைத்தவனுக்கு ஒரு வழியும் காட்டாமல் விடுவதைத்தான் என்னால் ஏற்கமுடியவில்லை.

பிஆருக்கு, அதாவது நிரந்தர வதிவிடத்துக்கு, புள்ளி கூடும், இன்னொரு எல்எம்ஐஏ வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். 2025 மார்ச் 25-உடன் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் (புள்ளி போட்டு நிரந்தர வதிவிடத்துக்கு ஆள் தெரிவுசெய்கிற முறை) வேலை வாய்ப்புக்குக் கிடைத்த 50 அல்லது 200 புள்ளிகளை எடுத்துவிட்டார்கள். இது தெரியாமல் இப்போதும் காசு கட்டுகிற ஆக்கள் இருக்கிறார்கள்.

சரி, இன்று இரவு பேர்மிற்றை எடுத்து முடிவுத் திகதியைப் பாருங்கள். அந்தத் திகதிக்கு முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பித்தால், முடிவு வரும்வரை அதே நிபந்தனையில் வேலை செய்யலாம். தவறவிட்டால் நிலையை மீட்கக் கேட்க 90 நாள் உண்டு, ஆனால் அந்த நாட்களில் வேலை செய்யக்கூடாது. உரிமம் உள்ள சட்டத்தரணி அல்லது குடிவரவு ஆலோசகர் ஒருவரிடம் இப்போதே பேசுங்கள். முதலாளியிடம் எப்போதாவது காசு திருப்பிக் கொடுத்திருந்தால், எவ்வளவு, எந்த நாள் என்று நினைவில் இருப்பதை எழுதி வையுங்கள். திகதியைப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள், தம்பி.