மேற்கோள் எண்ணிக்கையை எந்த அளவுக்கு நம்பலாம்?

கேள்வி: என் மகள் சிறுநீரகப் புற்றுநோய் குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்ய விரும்புகிறாள். வழிகாட்டியைத் தேடினால், ஒவ்வொரு பேராசிரியரின் பெயருக்குக் கீழும் இத்தனை கட்டுரைகள், இத்தனை மேற்கோள்கள், எச்-இன்டெக்ஸ் இவ்வளவு என்று எண்களாகவே இருக்கின்றன. இவற்றை வைத்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாமா?
– ஒரு தந்தை, திருச்சி

பதில்: முதல் வடிகட்டலுக்கு வைத்துக்கொள்ளலாம், முடிவெடுக்க அவை போதாது. எச்-இன்டெக்ஸ் 40 என்றால், ஒருவர் எழுதியவற்றுள் 40 கட்டுரைகளாவது தலா 40 முறைக்குக் குறையாமல் பிறரால் மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன, அதாவது பிறர் தங்கள் கட்டுரைகளில் ஆதாரமாகக் குறிப்பிட்டிருக்கிறார்கள் என்று பொருள். ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் முன்மொழிந்த இந்தக் கணக்கில் எண் ஏறுமே தவிர இறங்காது. ஆகவே, ஆய்வை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆன மூத்த பேராசிரியர்கூட, முனைப்பாக உழைக்கும் இளையவரைவிட உயரத்தில் தெரிவார்.

துறைக்குத் துறை அளவுகோலும் மாறும். புற்றுநோய் ஆய்வில் ஈடுபட்டிருப்போர் மிகப் பலர் என்பதால் அங்கு மேற்கோள்கள் விரைவாகக் குவிகின்றன. சிறுநீரக உடலியங்கியல் அதைவிடச் சிறிய வட்டம். இரு துறையினரின் எண்களை அருகருகே வைத்து ஒப்பிடுவது நியாயமாகாது. அதோடு, மிக அதிகமாக மேற்கோள் பெறுபவை பெரும்பாலும் கருவியாகப் பயன்படும் கட்டுரைகளே. புரதத்தின் அளவைக் கண்டறியும் முறையை விளக்கி லவுரி குழுவினர் 1951இல் எழுதிய கட்டுரை 3 லட்சத்துக்கும் அதிகமான மேற்கோள்களைப் பெற்றது. ரத்தப் பரிசோதனை அறிக்கையில், சிறுநீரகம் எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்று காட்டும் ஈ.ஜி.எஃப்.ஆர். என்று ஒரு வரி இருக்குமே, அதைக் கணக்கிடும் சூத்திரங்களுள் ஒன்றை 2009இல் வெளியிட்ட கட்டுரையும் இந்த வகைதான். ஒரு கட்டுரை எத்தனை பேருக்குக் கைகொடுத்தது என்பதை மேற்கோள் எண்ணிக்கை சொல்லும். அதில் உள்ள முடிவு சரியா என்பதற்கு அது சாட்சி ஆகாது. மறுப்பதற்காகக் காட்டப்படும் மேற்கோளும் கணக்கில் ஒன்றாகவே சேரும்.

கேள்வி: பெரும் புகழ் பெற்ற ஆய்வு சிறுநீரக நோயாளிக்கு உண்மையிலேயே பயன்பட்டதற்கு எடுத்துக்காட்டு உண்டா?
– வாசகி, மதுரை

பதில்: உண்டு. 2019இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்ஸா ஆகிய மூவரின் பணியே அது.

ராட்கிளிஃப் ஆக்ஸ்ஃபோர்டில் சிறுநீரக மருத்துவராக இருந்தவர். ரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கும் எரித்ரோபொய்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கும் சிறுநீரகம், ஆக்சிஜன் குறைந்திருப்பதை எப்படி உணர்கிறது என்பதே அவருடைய கேள்வி. செமென்ஸா, ஆக்சிஜன் குறையும்போது அந்த ஹார்மோனுக்கான மரபணுவை முடுக்கிவிடும் ஹிஃப் என்ற புரதத்தைக் கண்டறிந்தார். கேலின் வந்த வழி வேறு. வி.எச்.எல். என்ற மரபணு பழுதான குடும்பங்களில் கண்ணிலும் மூளையிலும் சிறுநீரகத்திலும் கட்டிகள் தோன்றும். அவற்றில் ரத்தக் குழாய்கள் மிகுந்திருப்பதையும், சில நோயாளிகளுக்குச் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி இருப்பதையும் கவனித்த அவர், ஆக்சிஜன் தாராளமாக இருந்தும் இந்தச் செல்கள் பற்றாக்குறையில் இருப்பவைபோல் நடந்துகொள்கின்றன என்று ஊகித்தார். 1999இல் ராட்கிளிஃப் குழு, ஹிஃப் புரதத்தை அழிப்பதற்கு வி.எச்.எல். புரதம் தேவை என்று காட்டியது. ஆக்சிஜன் இருப்பது அந்த அழிப்பை எப்படித் தூண்டுகிறது என்பதை 2001இல் கேலின், ராட்கிளிஃப் இருவரின் குழுக்களும் தனித்தனியே, ஒரே நேரத்தில் சயின்ஸ் இதழில் வெளியிட்டன.

இதிலிருந்து எதிரெதிர்த் திசையில் செயல்படும் மருந்துகள் பிறந்தன என்பதுதான் எனக்குப் பெரிதும் பிடித்த பகுதி. சிறுநீரகம் பழுதானவரின் ரத்தச் சோகையைத் தீர்க்க ஹிஃப் அதிகரிக்க வேண்டும். அதற்கான ராக்ஸாடுஸ்டாட் 2018இல் சீனாவிலும், அதே வகையைச் சேர்ந்த டெசிடுஸ்டாட் 2022இல் இந்தியாவிலும் அனுமதி பெற்றன. வி.எச்.எல். பழுதானதால் ஹிஃப் அழியாமல் தேங்கும் சிறுநீரகப் புற்றுநோயிலோ அது அடங்க வேண்டும். அதைச் செய்யும் பெல்ஸுடிஃபான், வி.எச்.எல். நோயாளிகளுக்காக 2021இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது.

இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். ஆக்சிஜனை உணரும் திறன் சிறுநீரகத்துக்கு மட்டும் உரியதன்று, பல வகைச் செல்களிலும் உள்ளது என்று காட்டிய ராட்கிளிஃபின் கட்டுரையை 1992இல் புகழ்பெற்ற அறிவியல் இதழான நேச்சர் திருப்பி அனுப்பியது. மறு ஆண்டு அது வேறோர் இதழில் வந்தது. இதழின் பெயரைக் கொண்டு கட்டுரையை எடைபோடுவோர் இதை நினைவில் வைப்பது நல்லது.

கேள்வி: அப்படியானால் ஒரு விஞ்ஞானியின் ஆய்வை மதிப்பிட வேறு எதைப் பார்ப்பது?
– ஆய்வு மாணவர், கோவை

பதில்: பிறர் செய்து பார்த்தபோதும் அதே முடிவு வந்ததா என்பதை முதலில் பாருங்கள். பெரிதும் பேசப்பட்ட புற்றுநோய்க் கட்டுரைகள் 53இல் உள்ள 193 சோதனைகளைத் திரும்பச் செய்ய முயன்ற ஒரு திட்டத்தின் முடிவுகள் 2021இல் வெளியாயின. கட்டுரைகளில் செய்முறை விவரம் போதாதது உள்ளிட்ட காரணங்களால், 23 கட்டுரைகளைச் சேர்ந்த 50 சோதனைகளையே முடிக்க முடிந்தது. அவற்றிலும் விளைவின் அளவு பெரும்பாலும் மூலக் கட்டுரைகள் சொன்னதைவிட மிகக் குறைவாகவே இருந்தது. ஒரே கட்டுரையில் பல முடிவுகளை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் மெல்லிய சான்று தரும் வழக்கத்தைக் கேலினும் 2017இல் நேச்சர் இதழில் கண்டித்து எழுதினார்.

அடுத்து, கட்டுரையில் அவருடைய பெயர் எங்கே வருகிறது என்று பாருங்கள். உயிரியலில் முதற்பெயர் வேலையைச் செய்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வகத்தை நடத்துபவருடையது. இருபது பேருக்கு நடுவில் வரும் பெயருக்கும் மேற்கோள் கணக்கில் முழு மதிப்பெண்தான். தன் கட்டுரையைத் தானே எத்தனை முறை காட்டிக்கொண்டார் என்பதையும் தனியே கழித்துப் பார்க்கலாம். இவ்வளவுக்கும் பொறுமை இல்லையென்றால், அவர் மிகச் சிறந்தது என்று கருதும் ஒரு கட்டுரையை அவரிடமே கேட்டு வாங்கி, செய்முறைப் பகுதியிலிருந்து படிக்கத் தொடங்குங்கள்.