வாசனை இல்லாத பரிசுப் பெட்டி கிடைக்குமா?

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே சோப்பு, லோஷன் பரிசுப் பெட்டிகளைப் பற்றிய கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். பண்டிகை முடிந்ததும் அதே பெட்டிகளால் அரிப்பு வந்தவர்கள் கிளினிக்குக்கு வருவார்கள். இரண்டாவது கூட்டத்தைக் குறைக்கலாமே என்றுதான் இந்தப் பதில்கள்.

என் மாமியாருக்குப் பல வருடங்களாகக் கரப்பான் (எக்ஸிமா) என்ற தோல் தொந்தரவு. தலைத் தீபாவளிக்கு அவருக்கு சோப்பு, பாடி லோஷன் செட் வாங்கித் தர ஆசை. கடையில் 'ஹைப்போஅலர்ஜெனிக்', அதாவது ஒவ்வாமை தர வாய்ப்பு குறைவு என்று போட்ட ஒன்றைக் காட்டினார்கள். நம்பி வாங்கலாமா? (மதுரை வாசகி)

பெட்டியின் முன்பக்கத்தில் எழுதியிருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். 'ஹைப்போஅலர்ஜெனிக்' என்ற சொல்லுக்கு அமெரிக்காவின் உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.கூட வரையறை வைக்கவில்லை. தயாரிப்பவர் என்ன நினைத்துப் போட்டாரோ அதுதான் அர்த்தம். பெட்டியைத் திருப்பிப் பொடி எழுத்துகளைப் படியுங்கள். 'பர்ஃப்யூம்', 'பர்ஃபம்', 'ஃப்ராக்ரன்ஸ்' இவற்றில் எது கண்ணில் பட்டாலும் திரும்ப வைத்துவிடுங்கள். அழகுசாதனங்களால் வரும் ஒவ்வாமையில் வாசனைப் பொருட்களுக்குத்தான் முதல் வரிசை. அடுத்தது, கெடாமல் இருக்கச் சேர்க்கும் பிரிசர்வேட்டிவ்கள். அதிலும் 'மெத்தில் ஐசோதயசோலினோன்' என்று நீளமாக ஒரு பெயர் இருந்தால் வேண்டவே வேண்டாம். பூசிவிட்டுக் கழுவாமல் விடுகிற பொருட்களில் ஐரோப்பிய ஒன்றியம் அதைத் தடையே செய்துவிட்டது.

'அன்சென்டட்' (வாசனை தெரியாதது) என்று போட்டதும் முழுப் பாதுகாப்பு இல்லை. மூலப்பொருளின் வாடையை மறைக்க அதிலும் கொஞ்சம் வாசனை சேர்த்திருக்கலாம். 'ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ' (வாசனை சேர்க்காதது) என்று இருக்கிறதா, பின்பக்கப் பட்டியலும் அதையே சொல்கிறதா என்று பாருங்கள்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டே போனால் கடையில் ஒரு செட்டும் மிஞ்சாது. மூடியைத் திறந்து மோந்து பார்த்து வாங்கட்டும் என்பதற்காகவே செய்யப்படுகிற பெட்டிகள் அவை. அதனால் செட்டை மறந்துவிடுங்கள். சோப்பு இரண்டு நிமிடத்தில் தண்ணீரோடு போய்விடும், லோஷன்தான் நாள் முழுக்கத் தோலில் இருக்கும். காசை அதில் போடுங்கள். கிளிசரின், செராமைடு, வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி போன்றவை கொண்ட, வாசனை சேர்க்காத கெட்டி க்ரீமாக இருக்கட்டும். இன்னும் நல்ல வழி, அத்தையின் குளியலறை அலமாரியை ஒரு முறை நோட்டம் விடுவது. அவர் வழக்கமாகப் போடுவது எதுவோ அதிலேயே பெரிய பாட்டில் இரண்டு, கூடவே மெத்தென்ற பருத்தித் துண்டு ஒன்று. 'இதைத்தான் போடுவேன் என்று எப்படித் தெரிந்தது?' என்று அவர் கேட்பது உறுதி.

டி.எஃப்.எம். 76-க்கு மேல் இருந்தால் நல்ல சோப்பு என்கிறார்களே, அதைப் பார்த்து வாங்கினால் போதுமா? (ஈரோடு வாசகர்)

போதாது. டி.எஃப்.எம். என்பது கட்டியில் கொழுப்புப் பொருள் எத்தனை சதவீதம் என்பதைச் சொல்லும் கணக்கு. 76-ம் அதற்கு மேலும் இருந்தால் முதல் தரம். கலப்படம் குறைவு, சீக்கிரம் கரையாது, அவ்வளவுதான். தோலுக்கு இதமா என்பதை அந்த எண் சொல்லாது. நம் தோலின் மேல்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது, பி.எச். சுமார் 5. எந்த உயர்தரச் சோப்பும் 9, 10 என்று காரத்தன்மையில்தான் இருக்கும். வறண்ட, அரிக்கிற தோலுக்கு 'சின்டெட்' வகைக் கட்டிகள் மேல். பார்க்க சோப்பு மாதிரியே இருக்கும், ஆனால் சோப்பு இல்லை. மருந்துக் கடையில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். நுரை குறைவாக வருகிறதே என்று வீட்டில் யாராவது குறை சொல்வார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

அக்காவுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. அவருக்கு எதைப் போட்டாலும் தோல் சிவந்துவிடும். கெமிக்கல் இல்லாத நலங்கு மாவு அரைத்து, அழகான ஜாடியில் போட்டுத் தரலாம் என்றிருக்கிறேன். தாய்க்கும் பிள்ளைக்கும் ஆகும்தானே? (தஞ்சாவூர் வாசகி)

உங்கள் ஆசை புரிகிறது. ஆனால் நாட்டு மருந்துக் கடையில் பொட்டலம் கட்டித் தருவதை அப்படியே மில்லில் கொடுத்துவிடாதீர்கள். பிரித்துப் பாருங்கள். பாசிப்பயறு, பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ, ரோஜா மொட்டு, வெட்டிவேர் இவற்றோடு சிறிதாக, கறுப்பாக ஒரு விதை கிடக்கலாம். அதுதான் கார்போக அரிசி. அதில் சோராலென் என்ற பொருள் இருக்கிறது. அது தோலில் பட்டு, மேலே வெயிலும் பட்டால் தோல் சிவந்து கொப்பளிக்கும், ஆறிய பிறகு கறுப்புத் திட்டாக நிற்கும். வெண்புள்ளி சிகிச்சையில் இதே குணத்தைத்தான் அளவோடு பயன்படுத்துகிறார்கள். எலுமிச்சைத் தோல் பொடியிலும் இந்த வகைப் பொருட்கள் உண்டு.

மற்றபடி ரோஜாவும் வெட்டிவேரும் வாசனைக்காகத்தானே சேர்கின்றன? ரோஜாவில் ஜெரானியால் என்ற வாசனைப் பொருள் இருக்கிறது. பூவிலிருந்து வந்தாலும் பாட்டிலிலிருந்து வந்தாலும் ஜெரானியால் ஜெரானியால்தான், தோலுக்கு வித்தியாசம் தெரியாது. அக்காவுக்குத் தர வேண்டுமென்றால் பாசிப்பயறு மட்டும் அரைத்து, மெல்லிய துணியில் இரண்டு முறை சலித்துக் கொடுங்கள். கொரகொரப்பு இருந்தால் அதுவே தோலைச் சிராய்க்கும்.

பச்சிளம் குழந்தைக்கு மாவும் வேண்டாம், பவுடரும் வேண்டாம். இரண்டுமே மூச்சில் ஏறும். மெல்லிய, பல முறை துவைத்த வேட்டித் துணிகளைத் தைத்துக் கொடுங்கள், அதைவிட நல்ல பரிசு அந்த வயதுக்கு இல்லை.

தோழிக்கு ஆட்டுப்பால், பாதாம், ஓட்ஸ் சேர்த்த கையால் செய்த சோப்பு வாங்கப் போகிறேன். சரிதானே? (கோவை வாசகி)

அவருக்குப் பால், கொட்டை, தானியம் எதிலாவது ஒவ்வாமை உண்டா என்று முதலில் கேளுங்கள். சாப்பிடுகிற பொருள்தானே, தோலில் என்ன செய்துவிடும் என்று நினைக்கக் கூடாது. ஜப்பானில் கோதுமைப் புரதம் சேர்த்த ஒரு முகச் சோப்பைப் பயன்படுத்திய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கோதுமை உணவே ஒத்துக்கொள்ளாமல் போனது. புண்பட்ட தோல் வழியாக உடம்பு அந்தப் புரதத்தை எதிரியாகப் பழகிக்கொள்ளும். செய்பவரிடம் எத்தனை வாரம் ஆறவைத்தார் என்றும் விசாரியுங்கள். நான்கு முதல் ஆறு வாரம் என்று தயங்காமல் சொன்னால் தொழில் தெரிந்தவர்.

துபாயிலிருந்து வரும் தம்பி சென்ட் கொண்டுவருகிறான். என் கழுத்தில் அடித்தால் அரிக்கிறது. வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. (நாகர்கோவில் வாசகி)

வாங்கிக்கொள்ளுங்கள். தோலில் வேண்டாம். பருத்திப் புடவையின் முந்தானை ஓரத்தில் அடித்து, நன்றாகக் காய்ந்தபின் கட்டுங்கள். பட்டில் அடித்தால் கறை விழும். அப்படியும் அரித்தால் சென்ட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிட வேண்டியதுதான்.

கொலுவுக்கு வருபவர்களுக்குத் தாம்பூலத்தோடு குங்குமம், ஸ்டிக்கர் பொட்டு வைத்துத் தருவேன். ஒருவருக்கு நெற்றியில் பொட்டு வைத்த இடம் வெளுத்திருக்கிறது. அவருக்கு என்ன தரலாம்? (ஸ்ரீரங்கம் வாசகி)

கவனித்தது நல்லது. சில ஸ்டிக்கர் பொட்டுகளின் பசையில் இருக்கும் ஒரு வேதிப்பொருள் தோலுக்கு நிறம் தரும் செல்களையே அழிக்கக் கூடியது. அவர் ஸ்டிக்கரை உடனே நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. சாயம் கலந்த குங்குமமும் வேண்டாம். தாம்பூலத்தில் சீப்பு, சின்னக் கண்ணாடி, ரவிக்கைத் துணி என்று எது வேண்டுமானாலும் வைக்கலாமே.

எவ்வளவு பார்த்து வாங்கினாலும் அவருக்கு ஒத்துக்கொள்ளுமா என்று எப்படித் தெரியும்? (திருநெல்வேலி வாசகர்)

கொடுக்கிற உங்களுக்குத் தெரியாது, அவர்தான் போட்டுப் பார்க்க வேண்டும். முழங்கையின் உள்மடிப்பில் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில், காலையும் மாலையும் ஒரு வாரம் பூசட்டும். சோப்பு, ஷாம்பூ என்றால் தேய்த்து வழக்கம்போல் கழுவிவிட வேண்டும், ஊறவிடக் கூடாது. ஒரே நாள் போட்டுப் பார்த்து 'ஒன்றும் ஆகவில்லை' என்று முடிவுகட்டுவது தவறு. ஒவ்வாமை இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் பெரும்பாலும் தலைகாட்டும். சிவந்தால், அரித்தால் அன்றே நிறுத்திவிடலாம். இதை ஒரு சீட்டில் எழுதிப் பரிசோடு வையுங்கள், கடை பில்லும் உள்ளேயே இருக்கட்டும். பிரித்த பொருளைப் பெரும்பாலான கடைகள் திரும்ப எடுக்காது என்பதால் ஒரே பெரிய பாட்டிலுக்குப் பதில் சின்னதாக இரண்டு வாங்குங்கள். ஒன்றைப் பிரித்துப் பார்க்கட்டும், மற்றது சீல் உடையாமல் இருக்கும்.