500 யூனிட் என்ற கோடு

கேள்வி: சில வருடங்களாக உங்கள் வீட்டுக் கரண்ட் பில், கேஸ் செலவு எவ்வளவு ஏறியிருக்கிறது? எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

சென்னையில் நான்கு பேர் கொண்ட குடும்பம் எங்களுடையது. கேஸை முதலில் சொல்லிவிடுகிறேன். 2020 நவம்பரில் 610 ரூபாய் கொடுத்து வாங்கிய சிலிண்டர் 2023 மார்ச்சில் 1,118.50 ஆனது. அப்புறம் 200, 100 என்று இரண்டு தடவை குறைத்தார்கள். 2025 ஏப்ரலில் மறுபடி 50 ஏறியது. மானியம் என்று ஒன்று வங்கிக் கணக்கில் விழுந்துகொண்டிருந்ததே மறந்துபோய்விட்டது. சிலிண்டர் விஷயத்தில் நாம் செய்யக்கூடியது குறைவு. அரிசியை ஊறவைத்து குக்கரில் போடுவோம், அவ்வளவுதான்.

கரண்ட் கதை வேறு. 2022 செப்டம்பருக்கு முன்னால் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால் 1,130 ரூபாய். கட்டணம் ஏறியதும் அதே 500 யூனிட்டுக்கு 1,725. ஆனால் 2022-இல் வந்த அந்தக் கட்டணத்தில் உண்மையான அடி 500-ஐத் தாண்டினால்தான் விழுந்தது. தாண்டினாலும் முதல் 100 யூனிட் இலவசமாகத்தான் இருந்தது. அடுத்த நூறுக்குத்தான் வினை: யூனிட்டுக்கு 2.25 ரூபாயாக இருந்தது 4.50 ஆகிவிட்டது. அதிலேயே 225 போச்சு. 500-க்கு மேல் 600 வரை போகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 8 ரூபாய் தனியாக இருந்தது.

2023 கோடையில் ஊரிலிருந்து அக்கா குடும்பம் வந்திருந்தது. ஏசி ராத்திரி பகலாக ஓடியது. மொத்தம் 512 யூனிட். பில் 2,046 ரூபாய்! அந்தப் பன்னிரண்டு யூனிட்டின் விலை 321 ரூபாய். விருந்தாளிகளிடம் ஏசியை நிறுத்துங்கள் என்று சொல்ல முடியுமா?

அதற்குப் பிறகு ஹாலிலும் படுக்கையறையிலும் பழைய ஃபேன்களைக் கழற்றிவிட்டு கரண்ட் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி ஃபேன் மாட்டினேன். பழையது 75 வாட், புதியது 30 வாட்டுக்குப் பக்கம். தினம் பதினைந்து மணி நேரம் ஓடும் ஒரு ஃபேனில் மட்டும் இரண்டு மாதத்தில் 40 யூனிட் மிச்சம். விலை கொஞ்சம் அதிகம்தான், ஆனால் எங்களை 500 என்ற கோட்டுக்கு இந்தப் பக்கம் வைத்திருப்பது அதுதான்.

அப்பா ஞாயிறுதோறும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மீட்டர் பெட்டி முன்னால் நிற்பார். எண்ணை நாள்காட்டித் தாளின் ஓரத்தில் குறித்து, போன தடவை ரீடிங்கைக் கழித்துப் பார்ப்பார். இந்தத் தடவை 461 ஆகிவிட்டது, கணக்கெடுக்க இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. ஏசி ரிமோட் இப்போது அவர் தலையணைக்கு அடியில்.