சதிக்குப் பெயர் கொடுத்தவர்

கேள்வி: டி.வி. விவாதத்தில் ஒருவர் எதிரே இருந்தவரை 'மாக்கியவெலியன்' என்றார். அவரோ கோபப்படாமல் சிரித்தார். அது திட்டா, பாராட்டா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: திட்டுதான். 'ஆள் மூளைக்காரர்' என்ற சர்டிபிகேட்டும் அதற்குள் இருக்கிறதே, அதற்குச் சிரித்திருப்பார்!

வெளியே குழைந்து பேசி, உள்ளுக்குள் காய் நகர்த்தி, காரியம் நடந்தால் சரி என்று இருப்பவரைச் சொல்வது. நம் பாஷையில் சகுனி வேலை. லீவுக்காகப் பாட்டியைச் சாகடிப்பவர் வெறும் பொய்யர். அவருக்கு இவ்வளவு பெரிய சொல் வேண்டாம். 'உன்னைப் பற்றி அவன் என்ன சொன்னான் தெரியுமா?' என்று இரண்டு பேரிடமும் தனித்தனியாக ஓதி, அவர்கள் முட்டிக்கொள்ளும் நேரத்தில் மேனேஜர் நாற்காலியில் போய் உட்காருகிறாரே, அவருக்குக் கச்சிதமாகப் பொருந்தும். ஆள் பெயரிலிருந்து வந்ததால் ஆங்கிலத்தில் எழுதும்போது (Machiavellian) முதல் எழுத்து கேப்பிடல். நடுவில் வரும் 'சி-எச்'சை 'க்' என்றே உச்சரியுங்கள்.

அந்த ஆள், இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்து நிக்கோலோ மாக்கியவெல்லி. 1498 முதல் 1512 வரை அந்தக் குடியரசில் அதிகாரி. மெடிச்சி குடும்பம் ஆட்சிக்குத் திரும்பியதும் வேலை போச்சு. அடுத்த வருடம் மெடிச்சிகளுக்கு எதிரான சதி ஒன்று அம்பலமானது. சிக்கிய சீட்டில் சுமார் 20 பெயர்கள், அதில் இவர் பெயரும்! பிடித்துப் போனார்கள். கைகளைப் பின்னால் கட்டி, கயிற்றில் மேலே இழுத்து, சட்டென்று கீழே விட்டு அந்தரத்தில் நிறுத்துவார்கள், தோள்பட்டை கழன்றுவிடும். ஆறு தடவை இழுத்தும் மனிதர் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. அப்புறம் மெடிச்சி வீட்டுப் பிள்ளை ஒருவர் போப் ஆக, அந்தச் சந்தோஷத்தில் கைதிகளை விட்டார்கள். இவரும் தப்பினார்.

ஊருக்கு வெளியே பண்ணை வீட்டில் முடங்கியவர், அதே 1513-ல் எழுதிய புத்தகம்தான் 'இளவரசன்'. ஆட்சியைக் காப்பாற்ற வேண்டுமானால் அரசன் பொய்யும் தந்திரமும் செய்யலாம் என்று அதில் சொன்னதால்தான் அவர் பெயரே திட்டாகிவிட்டது. சமர்ப்பணம் யாருக்கு? தோளைக் கழற்றிய அதே மெடிச்சி குடும்பத்துக்கு! வேலை கேட்கும் மனு என்றுகூடச் சொல்லலாம். சதிகள் நிறைய நடந்திருக்கின்றன, ஜெயித்தவை கொஞ்சம்தான் என்று அதிலேயே எழுதியிருக்கிறார். அச்சில் வந்தது 1532-ல். அவர் செத்து 5 வருடம் கழித்து.

ஜெர்மன் அறிஞர் மாக்ஸ் வேபர், நம் சாணக்கியரின் அர்த்தசாஸ்திரத்துக்கு முன்னால் 'இளவரசன்' ரொம்பச் சாது என்றார். ஆனாலும் பாருங்கள், இங்கே 'சாணக்கியர்' என்று ஒருவரைச் சொன்னால் மறுநாளே போஸ்டர் ஒட்டிவிடுவார்கள்.