பிரெய்டு லைனில் முடிச்சு நழுவிக்கொண்டே இருக்கிறது. எந்த முடிச்சு போடுவது?

கேட்டிருப்பவர் சேலத்திலிருந்து மேட்டூர் அணைக்குத் தூண்டில் போடப் போகிறவர். நைலான் நரம்பை விட்டு 20 பவுண்டு பிரெய்டுக்கு மாறியிருக்கிறார். நரம்பில் போட்டுப் பழகிய அதே முடிச்சைத்தான் போடுகிறார், முள் கழன்று போகிறது. லைன் மட்டமா, முடிச்சு மட்டமா என்பது கேள்வி.

கையில் மிஞ்சிய லைன் நுனியைப் பாருங்கள், அதிலேயே பதில் இருக்கும். நுனி சுருள் சுருளாக நெளிந்திருந்தால் முடிச்சு நழுவியிருக்கிறது. நார்நாராகப் பிரிந்திருந்தால் பாறையில் உரசி அறுந்திருக்கிறது. சுத்தமாக வெட்டுப்பட்டிருந்தால் மீன் பல்லோ கூரான கல் விளிம்போ வேலையைக் காட்டியிருக்கிறது. முதல் வகைக்கு முடிச்சை மாற்ற வேண்டும். மற்ற இரண்டுக்கும் முன்னால் லீடர், அதாவது பிரெய்டுக்கும் முள்ளுக்கும் நடுவில் கட்டும் தனி நரம்புத் துண்டு, வேண்டும். லைனைக் குறை சொல்ல வேண்டிய நிலை அபூர்வம்.

பிரெய்டு என்பது பாலிஎத்திலீன் இழைகளைப் பின்னிச் செய்வது. டைனீமா, ஸ்பெக்ட்ரா என்று பெட்டியில் எழுதியிருப்பதெல்லாம் இந்த இழைதான். நைலான் நரம்பு இறுக்கும்போது நசுங்கி, ஒரு சுற்று இன்னொரு சுற்றைக் கவ்விக்கொள்ளும். பிரெய்டு நசுங்காது, வழுக்கும். 20 பவுண்டு பிரெய்டு, கனத்தில் ஏறக்குறைய 6 பவுண்டு நரம்பு அளவுதான் இருக்கும். போதாததற்கு இது இழுபடவும் செய்யாது. மீன் திமிறினால் அந்த அதிர்ச்சி முழுக்க முடிச்சில்தான் விழும். ஐந்தாறு சுற்று சுற்றி நுனியை அடி வளையத்தில் விட்டு இழுக்கும் கிளிஞ்ச் முடிச்சு நரம்புக்குச் சரி, இங்கே கைவிட்டுவிடும்.

முள்ளையோ ஸ்விவலையோ (இரண்டு பக்கமும் கண் உள்ள, சுழலும் உலோக இணைப்பு) பிரெய்டில் நேராகக் கட்ட பாலோமர் முடிச்சு ஒன்று போதும். லைனை 15 சென்டிமீட்டர் அளவுக்கு இரட்டையாக மடித்து, மடிப்பை முள்ளின் கண்ணுக்குள் விடுங்கள். அந்த இரட்டை லைனாலேயே ஒரு சாதாரண முடிச்சு போடுங்கள், இறுக்க வேண்டாம். இப்போது மடிப்பு வளையத்தை விரித்து முள் முழுவதையும் அதற்குள் நுழைத்து எடுங்கள். எச்சில் தொட்டு நனைத்து, மேல் லைனையும் வால் நுனியையும் சேர்த்துப் பிடித்து மெதுவாக இழுங்கள். 5 மில்லிமீட்டர் வால் விட்டு வெட்டுங்கள்.

இதில் கெடுவது இரண்டு இடத்தில். முதலாவது, இரட்டை லைன் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே ஏறிவிடுவது. இறுக்கும்போது ஒரு இழை மற்றொன்றை அறுக்கும். முடிச்சை முழுதாக இறுக்கும் முன் நிறுத்தி, இரண்டு லைனும் பக்கம் பக்கமாகப் படிந்திருக்கிறதா என்று விரலால் நகர்த்திச் சரிசெய்யுங்கள். இரண்டாவது, மடிப்பு வளையம் கண்ணின் நடுவில் சிக்கி நின்றுவிடுவது. அது கண்ணைத் தாண்டி மேலேறி முடிச்சோடு போய் ஒட்ட வேண்டும். நிற்கிறதென்றால் நகத்தால் தள்ளிவிட்டு இறுக்குங்கள். லைன் 10 பவுண்டு மாதிரி மெலிதாக இருந்தால் மடிப்பைக் கண்ணில் இரண்டு தடவை விட்டு மற்றதை அப்படியே செய்யலாம்.

மும்முள் வைத்த பெரிய லூரை (செயற்கை இரை) வளையத்துக்குள் நுழைப்பது தொல்லை, முள் லைனில் மாட்டி இழையைப் பிய்க்கும். அங்கே யூனி முடிச்சு. கண்ணில் விட்ட நுனியைத் திருப்பி ஒரு வளையம் போட்டு, வளையத்துக்குள்ளேயே இரண்டு லைனையும் சேர்த்து 8 சுற்று. நரம்பில் 5 சுற்று போதும், பிரெய்டில் 5 போட்டால் நழுவும். வாலை இழுத்துச் சுற்றுகளை நெருக்கி, நனைத்து, கடைசியில் முடிச்சைக் கண் வரை தள்ளுங்கள்.

இனி மேட்டூருக்கு வருவோம். அணைக்கரை முழுக்கப் பாறையும் சரளையும். நீர்மட்டம் இறங்கினால் பண்ணவாடியில் பழைய கோயில் நந்தியும் தேவாலயக் கோபுரமும் தலைகாட்டும் என்பது ஊரறிந்த செய்தி. 1934இல் கட்டி முடித்த அணை இது, 120 அடி நிரம்பும்போது இப்படிப்பட்ட கட்டடமும் கல்லும் எங்கெங்கோ அடியில் கிடக்கும். வெறும் பிரெய்டு கல்லில் உரசினால் ஒரு நொடி தாங்காது. 60 முதல் 75 சென்டிமீட்டர் லீடர் கட்டியே ஆக வேண்டும். 25 முதல் 30 பவுண்டு நைலான் நரம்பே போதும், ஃபுளோரோகார்பன் இருந்தால் இன்னும் நல்லது, உரசலைத் தாங்கும், மூழ்கும்.

லீடரை எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் இணையத்தில் ஆளுக்கு ஒன்று சொல்லிக் குழப்புகிறார்கள். மாவு உருண்டை போட்டு கட்லாவுக்கும் ரோகுவுக்கும் அடியில் காத்திருப்பவர் எதற்கு லைனோடு லைனைப் பின்னிச் சேர்க்கும் எஃப்ஜி முடிச்சைப் படித்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்? நடுவில் ஒரு ஸ்விவல் வையுங்கள். ஒரு பக்கம் பிரெய்டில் பாலோமர், மறுபக்கம் நரம்பில் அதே பழைய கிளிஞ்ச். மேல் லைனில் ஓட்டை ஈயக்குண்டு, அதற்கும் ஸ்விவலுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் மணி. மணி இல்லாவிட்டால் ஒவ்வொரு வீச்சிலும் ஈயத்தின் ஓட்டை விளிம்பு முடிச்சைத் தட்டி இழையைத் தேய்க்கும். ஸ்விவல் ராடு நுனி வளையத்தில் ஏறாது, அதனால் அது வெளியே தொங்கும் அளவில் லீடர் இருக்கட்டும்.

லூர் வீசுகிறவருக்குத்தான் லைனோடு லைனை முடியும் வேலை. அங்கும் டபுள் யூனியில் ஆரம்பியுங்கள். இரண்டு லைனையும் 20 சென்டிமீட்டர் எதிரெதிராக ஒட்டி வைத்து, லீடர் நுனியால் பிரெய்டைச் சுற்றி 4 சுற்று யூனி, பிரெய்டு நுனியால் லீடரைச் சுற்றி 8 முதல் 10 சுற்று யூனி. ஒவ்வொரு பாதியையும் தனித்தனியாக நனைத்து இறுக்கிவிட்டு, பிறகு இரண்டையும் இழுத்துச் சேர்க்க வேண்டும். பாதி இறுக்கிய நிலையில் சேர்த்தால் ஒன்று மற்றொன்றின் மேல் ஏறிக் கோணிக்கொள்ளும்.

எஃப்ஜி ஒல்லியானது, வளையங்களில் தடையின்றி ஓடும். அதன் பலத்துக்குக் காரணம், லீடர் எங்கேயும் மடங்குவதில்லை. விறைப்பாகக் கட்டிய பிரெய்டில் லீடரை மேலும் கீழுமாக மாற்றி மாற்றி 20 தடவை பின்னி, இரண்டையும் சேர்த்து ஒரு அரை முடிச்சு போட்டு, பலமாக இழுக்க வேண்டும். பிரெய்டின் நிறம் கருத்து, சுற்றுகள் லீடருக்குள் கடித்து இறங்குவது கண்ணுக்குத் தெரியும். தெரியாவிட்டால் கடிக்கவில்லை, முதல் மீனோடு உருவிவிடும். பிறகு நாலைந்து அரை முடிச்சு, லீடர் வாலை ஒட்ட வெட்டி, வெறும் பிரெய்டின் மேல் இன்னும் மூன்று. காற்றடிக்கும் கரையில் நின்று இதைப் போட முயலாமல் வீட்டிலேயே கட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

ஆகாயத்தாமரை மூடிய ஏரியில் ஃபிராக் (தவளை வடிவ லூர்) வீசி விராலுக்குப் போகிறீர்கள் என்றால் கணக்கே வேறு. லீடர் வேண்டாம், 40 அல்லது 50 பவுண்டு பிரெய்டு, நேராக பாலோமர். தண்டை அறுத்துக்கொண்டு வர பிரெய்டால்தான் முடியும், நடுவில் முடிச்சு இருந்தால் செடி அதில் அடையும். (ஏரி மீன்பாசிக் குத்தகையில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு இறங்குங்கள். முடிச்சை விட அது பெரிய சிக்கல்.)

சிலர் முடிச்சைக் குறை சொல்வார்கள், கோளாறு ரீலில் இருக்கும். பிரெய்டை வெறும் ஸ்பூலில் (ரீலில் லைன் சுற்றும் உருளை) கட்டினால் சுற்று முழுவதுமே வழுக்கிச் சுழலும், டிராக் (மீன் இழுக்கும்போது லைன் ஓடுவதைத் தடுக்கும் ரீல் பிரேக்) எவ்வளவு இறுக்கினாலும் லைன் போய்க்கொண்டே இருக்கும். அடியில் 10 மீட்டர் நரம்பு சுற்றி, அதோடு டபுள் யூனியில் பிரெய்டைச் சேருங்கள்.

வால் நுனியை லைட்டரால் சுட்டு உருண்டையாக்குவது பரவலான பழக்கம், விட்டுவிடுங்கள். இந்த இழை ஏறக்குறைய 150 டிகிரியில் உருகிவிடும், சூடு முடிச்சுக்குள்ளும் போகும். நகவெட்டி இழையைக் கசக்கும், சின்னக் கத்தரிக்கோல் வாங்குங்கள். ஃபெவிகுவிக் ஒரு சொட்டு எஃப்ஜி மேல் விட்டால் தப்பில்லை, ஆனால் தப்பாகக் கட்டிய முடிச்சை அது காப்பாற்றாது.

கிளம்பும் முன் முள்ளை பிளையரில் பிடித்து, 5 லிட்டர் தண்ணீர் கேனை லைனில் தொங்கவிட்டு வெடுக்கென்று இரண்டு தடவை தூக்குங்கள். 20 பவுண்டு என்பது 9 கிலோ, 5 கிலோ வெடுக்கென்று இழுப்பதை நல்ல முடிச்சு தாங்கும். டிராக்கை 2, 2.5 கிலோவில் வையுங்கள். பாறையில் மாட்டினால் ராடை வளைத்து இழுக்காதீர்கள், லைனை விரலில் சுற்றியும் இழுக்காதீர்கள், எலும்பு வரை அறுக்கும். ஒரு குச்சியில் நாலு சுற்று சுற்றி நேராக இழுங்கள். விடுபட்டு வந்தால், முடிச்சு பார்க்க நன்றாக இருந்தாலும் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்.