நாடகத்தை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் பல்கலைக்கழக நாடகத் துறையின் ஆண்டு நாடகத்துக்கு என்னை ஸ்டேஜ் மேனேஜராகப் போட்டிருக்கிறார்கள். 600 பேர் உட்காரும் பழைய அரங்கம். பின்னணி வேலைக்கு 20 மாணவர்கள், யாருக்கும் முன் அனுபவம் இல்லை. போன வருடம் ஒத்திகையில் ஒரு ஸ்பாட் லைட் கழன்று விழுந்தது, நல்லவேளை கீழே ஆள் இல்லை. இந்த முறை தீப்பந்தம், அரிவாள் சண்டை, முழு இருட்டில் செட் மாற்றம் எல்லாம் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது? இயக்குநர் எங்கள் பேராசிரியர்தான், அவரிடம் எதையும் மறுத்துப் பேச முடியாது."

கடைசி வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான். கிளாம்ப், ஒயர், தீயணைப்பான் எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்கிவிடலாம். ஆனால் முதலாமாண்டுப் பையன் ஒருவன் மேலே லைட் ஆடுவதைப் பார்க்கிறான், கீழே பேராசிரியர் நடிகர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறார், சார் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்று அவன் வாயை மூடிக்கொண்டு நிற்கிறான் என்றால் வாங்கி வைத்த எதுவும் அந்த நேரத்தில் உதவாது. நம் கல்லூரி மேடைகளில் நான் அதிகம் பயப்படுவது இந்தத் தயக்கத்துக்குத்தான்.

அதனால் ஒத்திகை மேடைக்கு வருவதற்கு முன்பே, மாணவர்கள் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அவருடைய அறைக்குப் போய்ப் பேசுங்கள். "சார், நாடகம் நடக்கும்போது நீங்கள் பார்வையாளர் பக்கம் இருப்பீர்கள். மேடையின் பக்கவாட்டு மறைவிடமான விங்கில் என்ன நடக்கிறது என்று எனக்குத்தான் தெரியும். அதனால் ஆபத்து என்று தெரிந்தால் நிறுத்தும் பொறுப்பை எனக்குக் கொடுங்கள்" என்று நேராகக் கேளுங்கள். இது நீங்கள் புதிதாகக் கேட்கும் சலுகை இல்லை. முதல் காட்சி தொடங்கியதும் மேடை ஸ்டேஜ் மேனேஜர் கையில் வருகிறது என்பது உலகம் முழுக்க நாடக அரங்குகளில் இருக்கும் வழக்கம், பேராசிரியருக்கும் அது தெரிந்திருக்கும். அவர் ஒப்புக்கொண்டால் அதை ஒரு பக்கத்தில் எழுதி அவர், துறைத் தலைவர், அரங்க எலக்ட்ரீஷியன், நீங்கள் என நான்கு பேரும் கையெழுத்துப் போடுங்கள். மேடையில் யார் நிறுத்தச் சொன்னாலும், அது கடைசிப் பெஞ்சு மாணவனாக இருந்தாலும், எல்லோரும் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும், காரணம் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம், தேவையில்லாமல் நிறுத்தியதாகத் தெரிந்தாலும் சொன்னவரைத் திட்டக்கூடாது. இந்த மூன்றும் அதில் இருந்தால் போதும். நிறுத்துவதற்கான சொல்லை மட்டும் யோசித்து வையுங்கள். சண்டைக் காட்சி உள்ள நாடகத்தில் "நிறுத்து!" என்பது வசனமாகவே வந்துவிடும், யாரும் நிற்க மாட்டார்கள். "ஹோல்ட்" என்று வையுங்கள், அது உங்கள் வசனத்தில் வராது.

இப்போது அந்த ஸ்பாட் லைட். பைப்பில் மாட்டும் கிளாம்பின் நட்டு சரியாக முறுக்கப்படாமல் இருந்திருக்கும், அல்லது முறுக்கியவர் வேறு, லைட்டின் கோணத்தைத் திருப்பியவர் வேறு, திருப்பிய பிறகு யாரும் திரும்ப இறுக்கியிருக்க மாட்டார்கள். பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. ஒவ்வொரு லைட்டுக்கும் கிளாம்ப் தவிர தனியாக ஒரு எஃகுச் சங்கிலி அல்லது ஸ்டீல் கம்பிவடம் வேண்டும், பைப்பைச் சுற்றி, லைட்டின் தாங்குசட்டத்துக்குள் நுழைந்து, அதிகம் தொய்வில்லாமல். நைலான் கயிறு கூடவே கூடாது, ஹாலஜன் விளக்கின் சூட்டில் உருகிவிடும். கட்டுக்கம்பியும் வேண்டாம். நிறத்தாள் செருகும் சட்டத்தையும் மறக்காதீர்கள், லைட் விழாமல் அது மட்டும் விழுந்தாலே தலை பிளந்துவிடும். மேலே வேலை நடக்கும்போது கீழே மேடை காலியாக இருக்க வேண்டும், ஏணியைப் பிடிக்க ஒருவர், அவரும் ஹெல்மெட்டோடு. மேலே ஏறுபவரின் ஸ்பானர் மணிக்கட்டில் கயிற்றால் கட்டப்பட்டிருக்க வேண்டும், சட்டைப் பையில் எதுவும் இருக்கக்கூடாது. பழைய அரங்கம் என்கிறீர்கள், அதனால் அந்தப் பைப் எவ்வளவு எடை தாங்கும் என்று பல்கலைக்கழகப் பொறியியல் பிரிவிடம் எழுதிக் கேளுங்கள். பதில் வரும்வரை இருக்கிற லைட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், புதிதாக எதையும் தொங்கவிட வேண்டாம்.

மின்சாரத்தில் ஒரு சின்னக் கணக்கைப் பின்னணிக் குழு முழுக்கத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 1000 வாட் பார் லைட் (ஒரு வகை மேடை விளக்கு) ஒன்று 230 வோல்ட்டில் சுமார் 4.3 ஆம்பியர் இழுக்கும். பதினைந்து ஆம்பியர் பிளக் பாயிண்டில் மூன்று போட்டால் 13 ஆம்பியர், சரி. நான்காவதைச் சேர்த்தால் 17ஐத் தாண்டிவிடும். எம்.சி.பி. (லோடு அதிகமானால் தானாக அணையும் சுவிட்ச்) விழுந்தால் அதிர்ஷ்டம், பழைய பியூஸில் யாரோ தடித்த கம்பி போட்டு வைத்திருந்தால் அது போகாது, சுவருக்குள் ஒயர்தான் காயும். சுருட்டி வைத்த எக்ஸ்டென்ஷன் ஒயரில் அதிக லோடு கொடுத்தால் சுருளுக்குள்ளேயே சூடேறும், முழுவதும் பிரித்துப் போட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். அப்புறம் நம் ஊர் வழக்கம் ஒன்று உண்டு, பிளக் இல்லாமல் ஒயர் நுனியைச் சீவி ஓட்டையில் செருகித் தீக்குச்சி வைத்து இறுக்குவது. அதை எங்கு பார்த்தாலும் உடனே எடுக்கச் சொல்லுங்கள், ஐந்து நிமிடத்தில் நாடகம் ஆரம்பம் என்றாலும் சரி. ஸ்ரீரங்கத்தில் 2004 ஜனவரியில் கல்யாண மண்டபத்தில் மின்சாரத்திலிருந்து பற்றிய தீ கீற்றுப் பந்தலில் ஏறி மணமகன் உட்பட 50க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது, அலங்காரமும் அவசர ஒயரிங்கும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மேடைக்குக் கரண்ட் வரும் பலகையில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா, அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். நாடகம் முடியும்வரை அவர் அரங்கத்தில் இருக்க வேண்டும், ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய்விட்டால் அன்றைக்கு நாடகம் இல்லை என்பதையும் முன்பே பேசி வைத்துவிடுங்கள்.

தீப்பந்தத்துக்கு வருவோம். 2005 செப்டம்பர் 5 அன்று எகிப்தின் பெனி சுவைஃப் நகரில் ஒரு நாடக விழாவில் காகிதத்தால் செய்த செட்டில் மெழுகுவர்த்தி சாய்ந்தது. 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் பலர் நாடகக் கலைஞர்களும் விமர்சகர்களும். ஒரே ஒரு மெழுகுவர்த்தி. நீங்கள் கேட்பது தீப்பந்தம். என் கருத்தைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன், மாணவர் நாடகத்தில், மூடிய அரங்கத்தில், உண்மையான தீ வேண்டாம். ஆரஞ்சு எல்.இ.டி., ஒரு சின்ன மின்விசிறி, அதன் மேல் மெல்லிய பட்டுத் துணி, இவை போதும், பத்தாவது வரிசையிலிருந்து பார்ப்பவருக்கு அது எரிகிற பந்தம்தான். தட்டில் ஏற்றும் கற்பூரத்துக்கும் இதேதான், சின்னது என்று விட்டுவிடாதீர்கள்.

ஒருவேளை பேராசிரியர் பிடிவாதமாக இருந்தால், அரங்க நிர்வாகத்தின் எழுத்து அனுமதியும் தீயணைப்பு நிலையத்தின் ஆலோசனையும் இல்லாமல் தீயை மேடைக்குள் விடாதீர்கள், அனுமதி கிடைத்தாலும் தீயணைப்பானும் ஈரச் சாக்கும் மணல் வாளியும் வைத்துக்கொண்டு அந்தத் தீயை மட்டுமே பார்க்கும் ஒரு ஆள் விங்கில் இருக்க வேண்டும். பந்தம் பிடிப்பவர் பருத்தி உடைதான் போட வேண்டும், பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். இதைவிட முக்கியம் செட். நம் செட்டுகளில் பாதி தெர்மாகோலும் பிளெக்ஸும்தான். தெர்மாகோல் எரியும்போது உருகிச் சொட்டும், கறுப்புப் புகை அரங்கத்தையே மூடிவிடும். எந்தத் துணியாக இருந்தாலும் ஒரு துண்டு வெட்டி, வெட்டவெளியில் இடுக்கியில் பிடித்து, பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு, 12 வினாடி தீயைக் காட்டி எடுங்கள். எடுத்த பிறகும் தொடர்ந்து எரிந்தாலோ, எரிந்துகொண்டே சொட்டினாலோ அது மேடைக்கு ஆகாது. மின் பொருட்கள் எரிந்தால் தண்ணீர் கூடாது, கார்பன் டை ஆக்ஸைடு தீயணைப்பான்தான் சரி. அதை அடிக்கும்போது வாய்க்குழலை வெறுங்கையால் பிடிக்காதீர்கள், கடும் குளிரில் கை புண்ணாகும்.

முழு இருட்டு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தீயைப் பார்த்து எல்லோரும் பயப்படுகிறார்கள், இருட்டைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. ஆனால் மாணவர் நாடகங்களில் கால் முறிவது பெரும்பாலும் இருட்டில்தான். பிரகாசமான மேடையிலிருந்து திடீரென இருட்டுக்குள் வரும் கண்ணுக்கு உடனே எதுவும் தெரியாது. விளக்கு அணையும் முன் சில வினாடி கண்ணை மூடிக்கொள்ளும்படி செட் தூக்குபவர்களுக்குச் சொல்லுங்கள், பெரிய வித்தியாசம் தெரியும். விங்குக்குள் நீலத் தாள் சுற்றிய சின்ன பல்புகள், மேடை விளிம்பிலும் படிகளிலும் மேசை நாற்காலி வைக்கும் இடங்களிலும் ரேடியம் டேப். அந்த டேப் வெளிச்சம் வாங்கினால்தான் இருட்டில் ஒளிரும், திரை விலகும் முன் மேடையில் முழு விளக்கைக் கொஞ்ச நேரம் எரியவிடுங்கள். செட் மாற்றத்தை முதலில் முழு வெளிச்சத்தில் பேசிக்கொண்டே செய்யுங்கள், அப்புறம் அரை வெளிச்சத்தில் பேசாமல், கடைசியில்தான் இருட்டில். இடது விங் ஆட்கள் இடதிலேயே நுழைந்து இடதிலேயே வெளியேறட்டும், நடுவில் இரண்டு பேர் எதிரெதிரே பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வருவதுதான் மோசம். நம் ஊரில் கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிக்கும்வரை இருக்கும் அந்தச் சில வினாடிக்கும் விதி வேண்டும்: எங்கு இருக்கிறீர்களோ அங்கேயே நில்லுங்கள், உயரமான தளத்தில் இருப்பவர்கள் உட்கார்ந்துவிடுங்கள்.

சண்டைக் காட்சிக்குச் சுருக்கமாக. இரும்பு அரிவாள் மழுங்கியதாக இருந்தாலும் வேண்டாம், எடை போதும் எலும்பை உடைக்க. மெல்லிய மரத்தில் செய்து வெள்ளிப் பூச்சு அடியுங்கள். பூட்டிய பெட்டியில் இருக்கட்டும், ஒருவரே எடுத்துக் கொடுத்து அவரே திரும்ப வாங்க வேண்டும். ஒவ்வொரு காட்சி நாளிலும் கதவு திறக்கும் முன் அந்தச் சண்டையை மெதுவாக ஒருமுறை மேடையில் செய்து பார்த்தே ஆக வேண்டும், நேற்று நன்றாக வந்தது என்பது காரணம் ஆகாது.

செருப்பு விஷயம் கேள்வியில் இல்லை, ஆனாலும் வரும். மேடையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஏறுகிறவர்கள் நாம், செருப்போடு ஏற மனம் வராது. அந்த உணர்வை நான் மதிக்கிறேன். ஆனால் ஆணியும் மரச்சிராயும் கிடக்கும் செட் அமைக்கும் நாட்களில் வெறுங்காலோடு பிளைவுட் தூக்குவது சரியில்லை. வேலை முடியும்வரை எல்லோரும் ஷூ, துப்பட்டாவும் நீளச் சடையும் முடிச்சிட்டு, மோதிரம் வளையல் கழற்றி. வேலை முடிந்ததும் பெருக்கி, ஒரு காந்தத்தைத் தரையில் இழுத்து ஆணிகளைப் பொறுக்கி, அதன்பிறகு பூஜை போடுங்கள், அன்றிலிருந்து வெறுங்கால். இப்படிப் பிரித்துச் சொன்னால் யாரும் வருத்தப்படுவதில்லை.

காட்சி நாளுக்கு நேரக் கணக்கு. பிரிட்டிஷ் அரங்க வழக்கப்படி "அரை மணி" அழைப்பு திரை விலகுவதற்கு 35 நிமிடம் முன்பு வரும், "கால் மணி" 20 நிமிடம் முன்பு, "ஐந்து நிமிடம்" 10 நிமிடம் முன்பு. முதல் காட்சி நடிகர்கள் 5 நிமிடம் முன்பே நிற்க வேண்டும் என்பதால் எல்லாக் கணக்கும் அங்கிருந்து பின்னோக்கிப் போகிறது. அரை மணி அழைப்பின்போது கையெழுத்துப் பதிவேட்டில் யார் வந்திருக்கிறார்கள் என்று பாருங்கள், தீ என்றால் வெளியே வந்து எண்ணுவதற்கும் அந்தப் பதிவேடுதான். கியூ, அதாவது எதை எப்போது செய்ய வேண்டும் என்ற சைகை, கொடுக்க வாட்ஸ்அப் அழைப்பை நம்பாதீர்கள், அரங்கத்துக்குள் 600 போன் வந்ததும் சிக்னல் போகும். வாக்கி டாக்கி கிடைக்கவில்லை என்றால் விங்கில் சிவப்பு பல்ப் எரிந்தால் தயார், பச்சை எரிந்தால் செய் என்று வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, பார்வையாளர் பக்கக் கதவுகள். அது என் வேலை இல்லை என்று நினைக்காதீர்கள். 1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவின் இரோக்வாய் அரங்கத்தில் மேடையில் ஒரு ஆர்க் விளக்கிலிருந்து திரைத்துணி பற்றியது, தீ பார்வையாளர் பக்கம் வராமல் தடுக்க இறக்கும் பாதுகாப்புத் திரை பாதியில் சிக்கிக்கொண்டது, நடிகர்கள் தப்பிக்கப் பின்கதவைத் திறந்ததும் உள்ளே புகுந்த காற்று தீயைப் பார்வையாளர் பக்கம் தள்ளியது, அங்கே பல கதவுகள் பூட்டியிருந்தன. 602 பேர் இறந்தார்கள், கிட்டத்தட்ட எல்லோரும் நாடகம் பார்க்க வந்தவர்கள். டிக்கெட் இல்லாதவர்கள் புகுந்துவிடுவார்கள் என்று பக்கக் கதவுக்குச் சங்கிலி போடுவது நம்மிடமும் உண்டு. அரை மணி அழைப்புக்கு முன் நீங்களே நடந்துபோய் ஒவ்வொரு கதவையும் தள்ளிப் பாருங்கள், கூடுதல் நாற்காலிகளை நடைபாதையிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள், ஒரு கதவு பூட்டியிருந்தாலும் திரையை விலக்காதீர்கள். வளாகத்தின் பின் கேட் சாவி யாரிடம் என்று காவலாளியிடம் கேட்டு வையுங்கள், 108 வந்தால் அந்த வழியாகத்தான் அரங்கத்தின் பின்வாசலுக்கு வர முடியும் என்றால் அன்று மாலை ஐந்து மணியிலிருந்து அந்தக் கேட்டில் ஒருவர் சாவியோடு இருக்க வேண்டும்.