தெருவில் வாய்க்கால் கட்ட நகராட்சித் தலைவரிடம் போவதா, ஆணையரிடமா?

தமிழ்நாட்டு நகராட்சியைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். முதலில் உங்கள் வார்டு கவுன்சிலரைப் பிடியுங்கள். 2022 தேர்தலில் நாம் நேரடியாக ஓட்டுப் போட்டது அவருக்கு மட்டும்தான். தலைவரையும் துணைத் தலைவரையும் கவுன்சிலர்களே தேர்ந்தெடுத்தார்கள். அதனால் கவுன்சிலர்களைப் பகைத்துக்கொண்டு தலைவரால் காலம் தள்ள முடியாது.

மன்றக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவது தலைவர். அவர் வராத நாளில் துணைத் தலைவர். புது வாய்க்கால் என்றால் மன்றத்தில் பொருளாக வைத்துத் தீர்மானம் போட வேண்டும். அப்புறம் மதிப்பீடு, டெண்டர், பில் எல்லாம் ஆணையர் பொறுப்பு. அவர் அரசு அதிகாரி, தேர்தலில் வென்று வந்தவர் அல்ல. இருக்கிற வாய்க்காலில் அடைப்பு எடுக்கத் தீர்மானமெல்லாம் வேண்டாம். நேராக நகராட்சி அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுத்து, ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.